வாசல் தேடி வரும் மருத்துவமாது

"படித்த பிள்ளையைப் பிள்ளைப்பேறு பார்க்கவா அனுப்புவது, சேர்?"

அண்மையில் ஒரு நாள் காலை, புல்மோட்டையில் ஒரு வீட்டு விறாந்தையில் எம்மை நோக்கி எழுந்த வினா இது. வினவியவர் எம் மாணவி ஒருத்தியின் தந்தையார், கடற்றொழிலாளி. அவர் மகள் திருகோணமலையில் உறவினர் வீட்டில் தங்கி எம்மிடம் பயின்றவள். உயர்தரப் பரீட்சையில் உயிரியற் பிரிவில் நன்கு சித்தி பெற்றவள். மருத்துவ பீடத்துக்கு வேண்டிய புள்ளிகள் சற்றே குறைந்தன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தாதியியற் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். அதற்குத் தந்தையாரின் இசைவைப் பெற்றுத் தருமாறு அவள் கேட்டதனாலேயே நாம் புல்மோட்டைக்குப் பயணமானோம்.

அவரைக் குறைகூற நாம் துணியவில்லை. நமது வீடுகளிற் பெரும்பாலானவற்றில் நிலவும் எண்ணம் அதுவே அன்றோ? வைத்தியர் சொல்வார், தாதி செய்வாள்; சொல்வதற்குக் கல்வி வேண்டும், செய்வதற்குக் கைகள் போதும். தாதித் தொழிலுக்குத் தத்துவம் என்றும் கோட்பாடு என்றும் ஏதேனும் உண்டு என்றால், நகைப்பவர்களே மிகுதி.

எம்மிடம் ஒரு மறுமொழி ஆயத்தமாக இருந்தது. ஆனால் அதனைச் சொல்லும் வேலை எமக்கு நேரவில்லை. வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. தோளிற் பையுடன் இறங்கினார் அப்பகுதியின் மருத்துவமாது. அவ்வீட்டின் மூத்த மகள் நான்கு நாள்களுக்கு முன்னர்த்தான் ஓர் ஆண்மகவை ஈன்று வீடு திரும்பியிருந்தாள். மருத்துவமாது உள்ளே சென்றார், திரைச்சீலை விழுந்தது. நாம் விறாந்தையிலேயே அமர்ந்திருந்தோம். திரைக்கு அப்பாலிருந்து செவியில் விழுந்தவையே இக் கட்டுரைக்கு வித்து.

வீதி முடியும் ஊர்

திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியில் உள்ளது புல்மோட்டை. அதற்கு அப்பால் கொக்கிளாய்க் களப்பும் முல்லைத்தீவு மாவட்டமும். நிலாவெளி, குச்சவெளி, திரியாய் என்னும் ஊர்களைத் தாண்டி, ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வடக்கே சென்றால் இவ்வூரை அடையலாம். கரையோரத்துக் கருமணலில் இல்மனைற்று, றூற்றைல், சேர்க்கன் ஆகிய கனிமங்கள் நிறைந்துள்ளமையால் ஊரின் பெயர் உலகறிந்தது. அம் மணலை அகழ 1957இல் அரச கூட்டுத்தாபனம் ஒன்றும் அமைந்தது. 2009ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், போர்முனையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டிற் கடல்வழியே கொண்டுவரப்பட்ட காயமுற்றோருக்கும் நோயாளருக்கும் இந்திய அரசு அனுப்பிய மருத்துவக் குழு சிகிச்சை அளித்ததும் இவ்வூரிலேயே.

இப்பொழுது ஊரில் வைத்தியசாலை உண்டு, வீதி உண்டு, கைத்தொலைபேசி உண்டு. ஒரு காலத்தில் இவை எவையும் இல்லை. எம் பாட்டியாரின் ஊர் இவ்வழியிலுள்ள திரியாய். எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர் அவர், தேறியவர் ஐவரே. அவருடைய தங்கையாரின் கதை இன்னும் துயரமானது. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் இறுதியில் ஓர் இரவு, பிள்ளை பிறந்தபின் குருதி நில்லாமற் பெருகியது. பரிகாரியாரை அழைப்பதா, பட்டணத்துக்குக் கொண்டுசெல்வதா என்று பெரியவர்கள் கூடி முடிவெடுக்க ஒரு பொழுது கழிந்தது. மாட்டு வண்டி பூட்ட ஒரு பொழுது கழிந்தது. வழியிற் குறுக்கிட்ட நீர்நிலையைக் கடக்க இன்னொரு பொழுது கழிந்தது. திருகோணமலையை வண்டி அடைந்தபோது வைத்தியருக்குச் செய்வதற்கு எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

"விதி" என்று சொல்லிக் கண்ணீரைத் துடைத்துக்கொள்வார் பாட்டியார். விதி என்று நாமும் நெடுங்காலம் நம்பியிருந்தோம்.

நூற்றுக்கு இருவர்

அக்காலத்து இலங்கையின் கணக்கைப் பார்த்தால் நெஞ்சு நடுங்கும். 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். அதாவது, நூறு பேறு நிகழ்ந்தால் இரு தாய்மாருக்குக் குழி வெட்ட வேண்டியிருந்தது. மலேரியாக் கொள்ளைநோய் பரவிய 1935ஆம் ஆண்டில், பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை. இன்று ஓர் இலட்சத்துக்கு ஏறத்தாழ முப்பது தாய்மாரே இறக்கின்றனர். குழந்தை இறப்போ ஆயிரத்துக்குப் பத்திலும் குறைவு. செல்வத்தில் நம்மினும் பன்மடங்கு உயர்ந்த நாடுகள் சிலவும் இந்நிலையை எய்த நெடுங்காலம் பிடித்தது.

இம்மாற்றத்துக்குக் காரணம் ஒன்றன்று. மலேரியா ஒழிப்பு, இலவச வைத்தியசாலைகள், நுண்ணுயிர்கொல்லி மருந்துகள், குருதி வங்கி, 1945இல் வந்த இலவசக் கல்வியாற் பெண்கள் எழுத்தறிவு பெற்றமை எனப் பல உள. எனினும் இவற்றையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுசேர்த்த கை ஒன்று உண்டு. 1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. வைத்தியசாலையில் நோயாளி வரும்வரை காத்திராது, ஒரு குறித்த எல்லைக்குள் வாழும் மக்கள் அனைவரையும் தேடிச் செல்வதே அதன் நோக்கம். அந்த நோக்கத்தின் கால்களாய் அமைந்தவர்களே பொதுச் சுகாதார மருத்துவமாதர். இன்று ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் கணக்கில் நியமிக்கப்படும் இவர்கள், திருமணமான நாள் முதற் குடும்பத்தைப் பதிவுசெய்து, கருவுற்ற காலத்திலும் பேற்றின் பின்னும் வீடு தேடி வருகின்றனர். பேற்றின் பின் முதற் பத்து நாள்களுள் இரு தடவையேனும் வீட்டுக்கு வருதல் அவர்தம் கடமை.

இப்படி வந்தவரே அன்று அந்தத் திரைக்கு அப்பால் இருந்தார்.

திரைக்கு அப்பால்

முதலிற் கேட்டது தண்ணீர் ஊற்றும் ஒலி. சவர்க்காரமிட்டுக் கை கழுவினார். அடுத்து, "யன்னலைத் திறந்துவிடுங்க மூத்தம்மா, காத்து வரட்டும்" என்றார். சாம்பிராணிப் புகை விறாந்தைக்கு வந்தது.

கை கழுவுதல் சிறு செயல். ஆனால் அதனை உலகுக்குக் கற்பிக்க ஒரு வைத்தியர் தம் வாழ்வையே இழந்தார் என்னலாம். 1847இல் வியன்னா நகர வைத்தியசாலையிற் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ், வைத்தியர்களின் பேற்று விடுதியில் மருத்துவமாதரின் விடுதியினும் பன்மடங்கு தாய்மார் காய்ச்சலால் இறப்பதைக் கண்டார். பிரேதங்களைப் பரிசோதித்த கையுடனேயே வைத்தியர்கள் தாய்மாரைத் தொடுவதுதான் காரணம் என்று உணர்ந்து, குளோரின் கலந்த நீரிற் கை கழுவச் செய்தார். இறப்பு மளமளவென்று வீழ்ந்தது. ஆயினும் அவர் உயிரோடிருந்த காலத்தில் மருத்துவ உலகம் அவரை ஏற்கவில்லை.

யன்னலைத் திறப்பது புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பாடம். தூய காற்று, வெளிச்சம், துப்புரவு, அமைதி, தக்க உணவு ஆகியவற்றைச் சீர்செய்தால் உடல் தன்னைத் தானே குணப்படுத்தும் என்பது அவர் கோட்பாடு. 1859இல் அவர் எழுதிய தாதியியற் குறிப்புகள் என்னும் நூல், தொழில்முறைத் தாதியருக்காக அன்றி, வீட்டிற் பிறர் உடல்நலத்தைப் பேணும் சாதாரணப் பெண்களுக்காகவே எழுதப்பட்டது. இலண்டனில் மருத்துவமாதருக்காக 1862இல் அவர் ஏற்படுத்திய பேற்று விடுதியிற் காய்ச்சலாற் தாய்மார் இறந்தபோது, 1867இல் அதனை மூடவும் அவர் தயங்கவில்லை. பின்னர்ப் பல இடங்களின் இறப்புக் கணக்குகளைத் திரட்டி ஒப்புநோக்கி 1871இல் ஒரு நூலும் வெளியிட்டார். தவறு நேர்ந்தால் மறைக்காது எண்ணிப் பார்த்தலும் தாதியியலின் அறம் என்பதை அவர் செயலாற் காட்டினார். இன்று இலங்கையில் ஒவ்வொரு தாயின் மரணமும் தனித்தனியே விசாரிக்கப்படுவது அந்த அறத்தின் தொடர்ச்சியே.

"பிள்ளையை நான் தூக்கித் தரமாட்டேன், நீங்களே எடுங்க. கழுத்துக்கு அணை குடுங்க. ஆ, அப்படித்தான்!" என்ற குரல் அடுத்து வந்தது.

இது எமக்கு முதலில் வியப்பளித்தது. உதவிக்கு வந்தவர் ஏன் உதவ மறுக்கிறார்? இதற்கு விடை கூறுபவர் அமெரிக்கத் தாதியியல் அறிஞர் டொறதியா ஓறெம். 1971இல் வெளிவந்த அவர் நூலின் உட்பொருள் இதுவே: மனிதர் தம்மைத் தாமே பேணும் ஆற்றல் உடையவர், அந்த ஆற்றல் போதாத இடத்திலேயே தாதி வேண்டும். மயக்க மருந்தின் பிடியிற் கிடக்கும் தாய்க்கு அனைத்தையும் தாதியே செய்ய வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்து எழமுடியாத தாய்க்குப் பாதியைச் செய்ய வேண்டும். நலமாய் வீடு திரும்பிய தாய்க்கோ கற்பித்து ஊக்கினாற் போதும். தேவைக்கு மேற் செய்யும் உதவி ஆற்றலைப் பறித்துவிடும். ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு இது நன்கு விளங்கிற்று: மாணவனின் கணக்கை நாமே செய்து கொடுத்தால் அவன் எக்காலத்துக் கற்பான்?

தாய் பிறக்கும் காலம்

"இவள் சும்மா படுத்துக் கிடந்து பிள்ளை பெத்த கதையையே திரும்பத் திரும்பச் சொல்றாள், மிஸ். பிள்ளையில கவனமே இல்ல" என்று மூத்தம்மா முறையிட்டார்.

"சொல்லட்டும் மூத்தம்மா. சொல்லிச் சொல்லித்தான் மனசு ஆறும். இன்னும் ரெண்டு நாளையில பாருங்க" என்றார் மருத்துவமாது.

இதே காட்சியை அமெரிக்காவில் றீவா றூபின் என்னும் தாதி 1961இல் ஆராய்ந்து எழுதியுள்ளார். பேற்றை அடுத்த இரண்டு மூன்று நாள்களில் தாய் பிறரைச் சார்ந்தே இருப்பாள். தான் பட்டதைப் பேசுவாள். உண்ணவும் உறங்கவும் விரும்புவாள். பின்னரே குழந்தையின் பொறுப்பைக் கையிலெடுப்பாள். சிலருக்கு அந்த நாள் முந்தும், சிலருக்குப் பிந்தும். அவர் வழிவந்த றமோனா மேர்சர் இதனை மேலும் விரித்தார். குழந்தை ஒரு நாளிற் பிறந்துவிடும். தாயோ பல மாதங்களிற் சிறுகச் சிறுகப் பிறக்கிறாள் என்பது அவர் ஆய்வின் சாரம்.

இதனை அறியாத வீடுகளில் என்ன நிகழ்கிறது? இளந்தாயை "பொறுப்பில்லாதவள்" என்று ஏசுகிறோம். அவளோ குற்றவுணர்விற் குன்றுகிறாள். இரண்டு வாரம் கடந்தும் ஓயாத அழுகையும், உறக்கமின்மையும், எதிலும் பற்றின்மையும் இருந்தால் அது சோம்பலன்று, நோய். ஸ்கொத்லாந்தில் 1987இல் வகுக்கப்பட்ட பத்து எளிய வினாக்களைக் கொண்டு அதனை முன்கூட்டியே இனங்காண இயலும், குணப்படுத்தவும் இயலும்.

குழந்தை சிணுங்கியது. "அழுறதுக்கு முந்தியே அவன் பசியைச் சொல்லிப்போட்டான், நீங்க கவனிக்கல்ல. வாயை அசைச்சான், கையைச் சூப்பினான்" என்று மருத்துவமாது சிரித்தார். கத்தறின் பார்னாட் என்னும் தாதியியல் அறிஞர் வோசிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து கண்டதும் அதுவே. குழந்தை சைகை காட்டுகிறது; தாய் விடை தருகிறாள்; அந்த விடையைக் கண்டு குழந்தை மீண்டும் சைகை காட்டுகிறது. இந்தச் சொல்லற்ற உரையாடல் தடையின்றி நிகழுமிடத்திற் குழந்தையின் அறிவும் உடலும் செழிக்கின்றன.

மூத்தம்மாவின் சரக்கும் தேனும்

அதன்பின் நிகழ்ந்தது நுட்பமானது. மூத்தம்மா இடித்து வைத்திருந்த பேறுகாலச் சரக்கை எடுத்துக் காட்டினார். மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள் சேர்த்தது. மீன் கறிக்குப் போடுவது. "நல்லது, தாராளமாகக் குடுங்க" என்றார் மருத்துவமாது. நாற்பது நாள் ஓய்வைப் பற்றிக் கேட்டார், "அது அவளுக்குக் கிடைச்ச வரம். ஆனால் அறைக்குள்ளேயே கிடக்காமல் எழும்பி நடக்கவேணும், தண்ணியைக் குறைக்கக்கூடாது" என்றார். குழந்தையின் நாவில் தேன் தடவலாமா, தொப்புளில் மஞ்சள் பூசலாமா என்று மூத்தம்மா கேட்டபோது மட்டும் குரல் மாறியது. "தேன் ஒரு வயசு முடியும்வரை வேண்டாம் மூத்தம்மா. தொப்புளில் எதுவுமே பூசவேண்டாம். காய்ஞ்சு தானாக விழட்டும். ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்."

மடலின் லைனிங்கர் என்பவர் தாதியாய் இருந்து மானிடவியலும் கற்றவர். நியூகினியின் மலைநாட்டு மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்தவர். ஒரு சமூகத்தின் வழக்கங்களைத் தாதி மூன்றாகப் பிரித்து அணுக வேண்டும் என்கிறார். நலம் தருவதைப் பேணுதல் முதலாவது. சற்றே திருத்தி இணக்கிக்கொள்ளுதல் இரண்டாவது. தீங்கு தருவதை மதிப்புடன் மாற்றுதல் மூன்றாவது. சரக்கு முதல் வகை, நாற்பது நாள் இரண்டாம் வகை, தேனும் மஞ்சளும் மூன்றாம் வகை. முதலிரண்டிலும் மூத்தம்மாவின் அறிவை மதித்தமையாலேயே மூன்றாவதில் அவர் செவிசாய்த்தார். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று எள்ளியிருந்தால், மருத்துவமாதின் தலை மறைந்ததும் தேன்போத்தல் திறந்திருக்கும்.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறல் வேண்டும். மேனாட்டில் எழுந்த கோட்பாடுகளை அப்படியே இங்கு நட்டால் வேர்பிடியா. ஓறெம் அம்மையார் சொல்லும் தற்பராமரிப்பு, தனியொருவர் தம்மைப் பற்றித் தாமே முடிவெடுப்பார் என்று கருதுவது. நம் வீடுகளிலோ முடிவு தாயிடம் மட்டும் இல்லை. மூத்தம்மாவிடமும் கணவனிடமும் தந்தையிடமும் உள்ளது. ஆதலால் இங்கு மருத்துவமாது தாயை மட்டுமன்றி, முழுக் குடும்பத்தையும் கற்பிக்க வேண்டியவராகிறார்.

விறாந்தையிற் கேட்ட வினா

அதனையே அவர் செய்தார். திரையை விலக்கி விறாந்தைக்கு வந்து, எம் மாணவியின் தந்தையாரை நோக்கி, "இரவில் ஏதும் நடந்தால் வாகனம் யாருடையது?" என்று கேட்டார். அவர் விழித்தார். "நம்பர் இருக்கா? கையில் காசு இருக்கா? மருமகன் கடலுக்குப் போயிருந்தால் முடிவெடுக்கிறது யார்?"

இவ்வினாக்களுக்குப் பின்னாலும் ஒரு கோட்பாடு உண்டு. சிறீன் தாடியஸ், டெபோறா மேன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1994இல், தாய்மார் இறப்பதற்கு மூன்று தாமதங்களே காரணம் என்று எழுதினர். முடிவெடுப்பதில் தாமதம், வைத்தியசாலையை அடைவதில் தாமதம், அடைந்தபின் சிகிச்சை பெறுவதில் தாமதம். பேற்றின்பின் கடுங்குருதிப்பெருக்கு ஏற்பட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் பிரியக்கூடும். வீதி முடியும் ஊரில் வாழ்வோருக்கு அந்த இரண்டு மணி நேரம் எத்துணை சிறியது!

அவ்வேளை எம் மனக்கண்ணில் மாட்டு வண்டி ஒன்று தோன்றிற்று. கூடிப் பேசிய பொழுது, வண்டி பூட்டிய பொழுது, நீர்நிலை கடந்த பொழுது! பாட்டியார் விதி என்று சொன்னதற்கு இப்படி மூன்று பெயர்கள் உண்டு என்பதை அன்றுதான் உணர்ந்தோம். விதியோடு வழக்காட முடியாது. தாமதத்தோடு வழக்காடலாம்.

மருத்துவமாது விரல் மடக்கிச் சொன்னவற்றை வாசகர்களும் மனத்திற் பதித்துக்கொள்க. ஒரு மணி நேரத்தில் ஓர் அணையாடை முழுதும் நனையும் குருதிப்போக்கு, காய்ச்சல், கடுந்தலைவலியுடன் பார்வை மங்குதல், வலிப்பு, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், துர்நாற்றமுள்ள கசிவு ஆகியவற்றுள் எது தாயிடம் தோன்றினும் விடியட்டும் என்று காத்திருத்தலாகாது. குழந்தை பால் குடிக்க மறுத்தல், உடல் குளிர்தல் அல்லது காய்தல், விரைந்து மூச்சு வாங்குதல், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மஞ்சள் பரவுதல் ஆகியவையும் அத்தகையனவே.

இத்தகைய பணியாளர் தொகை குறைந்துவிடாமற் காப்பது நாட்டின் பொறுப்பு. 2022இன் பொருளாதார நெருக்கடியில், 1973 முதல் தாய்மாருக்கும் சிறாருக்கும் வழங்கப்பட்டுவந்த திரிபோஷா மாவின் விநியோகமும் தடைப்பட்டது. வைத்தியரும் தாதியரும் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். தொண்ணூறு ஆண்டுகளாகக் கட்டிய வீடு சில ஆண்டுகளிற் சரியாதென்று எவரும் உறுதிகூற இயலாது. தொலைவான ஊர்களுக்கு, அவ்வூரின் மொழியும் வழக்கமும் அறிந்த பெண்களே வரவேண்டும். மூத்தம்மாவிடம் மூத்தம்மாவின் தமிழிற் பேசத் தெரிந்தவர்களாய் இருத்தல் வேண்டும். அத்தகையவர்கள் வேறெங்கிருந்து வருவர்? இவ்வூர் வீடுகளிலிருந்துதான் வரவேண்டும்.

இதனை எம் மாணவியின் தந்தையாரிடம் சொல்ல நாம் வாயெடுத்தோம். அதற்குள் அவரே மருத்துவமாதிடம் பேசத் தொடங்கினார்.

"மிஸ், இதெல்லாம் எத்தனை வருஷம் படிச்சீங்க?"

"ஒன்றரை வருஷம் பள்ளிக்கூடத்தில். மிச்சத்தை ஒவ்வொரு வீட்டிலயும் இன்னும் படிக்கிறன்" என்று கூறிச் சிரித்து, ஸ்கூட்டரை இயக்கினார் அவர். இன்னும் நான்கு வீடுகள் இருந்தன.

தந்தையார் நெடுநேரம் கடற்பக்கம் பார்த்தவாறு இருந்தார். பின்னர்க் கைத்தொலைபேசியை எடுத்து, அயலிலுள்ள முச்சக்கரவண்டிச் சாரதியின் இலக்கத்தைக் கேட்டுப் பதிந்துகொண்டார். நாம் விடைபெற எழுந்தபோது, படலைவரை உடன் வந்தார். இசைவு தருவதாக அவர் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"அந்த விண்ணப்பத்துக்கு எப்ப கடைசி நாள், சேர்?"